அஷ்டமி வடை

காசியம்மாளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் அம்சவள்ளி.

கொல்லையில் நாய்க்கு வைத்த தட்டு காலி. அதிலிருந்த நாலு வடையும் வேலைக்காரி முந்தானையில். பாயசம் மொத்தமும் அவள் தூக்குச்சட்டியில். பிளாக்கி பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு ஓரமாகக் கஞ்சி குடிக்கிறது.

சும்மா வடையா அது? அம்சவள்ளியின் மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது, தேய்பிறை அஷ்டமி தோறும் கறுப்பு நாய்க்கு மிளகு வடையும், முந்திரி திராட்சை போட்ட பாயசமும் வையுங்கள், மற்றதை பைரவர் பார்த்துக்கொள்வார் என்றார் மணலூர்பேட்டை ஜோசியர். ஆறாவது அஷ்டமி கழிந்த வாரமே தியாகதுருகத்தில் சம்பந்தம் கூடிவிட்டது. கல்யாணம் முடிகிறவரை நிறுத்தக் கூடாதென்று இது எட்டாவது மாதம்.

"இன்னாடி வேலை இது?"

காசியம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

"வாயில்லா ஜீவன் சோத்துல கை வெக்கிறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

காசியம்மாள் தூக்குச்சட்டியை இறக்கி வைத்தாள். வடையைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றோடு வேலையும் போயிற்று. நாய்ச் சோறு திருடினவள் என்று தெருவெல்லாம் பேச்சு. இனி அந்தப் பக்கம் யார் அவளை வீட்டில் சேர்ப்பார்கள்?

அம்சவள்ளி தன் கையாலேயே வடையைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். பாயசத்தையும் ஊற்றினாள். பிளாக்கி ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. கக்கிக் கக்கி ஓய்ந்துவிட்டது, பேதியில் ரத்தம் வேறு. மாட்டாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எண்ணெய்ப் பலகாரமும் பாயசமும் நாய் வயிற்றுக்கு ஆகாது, அதிலும் திராட்சை விஷம் என்று டாக்டர் கடிந்துகொண்டார். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்துக்கொள்ளுமாம். ஒரு வாரத்துக்கு உப்பில்லாத கஞ்சி மட்டும்தானாம்.

"எட்டு மாசமா இதையேதாங்க துன்னுது. ஒரு நாளும் ஒன்னும் ஆனதில்ல" என்றாள் அம்சவள்ளி. திருட்டு இந்த ஒரு தடவைதான் என்று நினைத்திருந்தாள். அவளுக்குச் சந்தேகமெல்லாம் காசியம்மாள் ஊற்றிய கஞ்சி மேல்தான். நேரே ஊர்க்கோடியில் இருந்த அவள் வீட்டுக்கே போய்விட்டாள்.

"கஞ்சியில இன்னாடி கலந்த? எங்க நாய் சாவப் பொழைக்கக் கெடக்குது."

"உப்புகூடப் போடலிங்கம்மா." காசியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "வடையத் துன்னுடிச்சிங்களா?"

"எட்டு மாசமா துன்னாததா?"

"மொத வாட்டி துன்னப்பவே கக்கிக்கினு கெடந்துச்சுங்க. நீங்க பாக்கறதுக்கு முன்னாடி நான்தான் வாரிக் கழுவுனேன். நாய்க்கு இது ஆவாதுங்கன்னேன். சாமி காரியத்துல வாய வெக்காதன்னீங்க. அதிலேர்ந்து அதுக்குக் கஞ்சிதாங்க. வடை பாயசமெல்லாம் எம் புள்ளைங்கதான் துன்னுச்சுங்க."

அம்சவள்ளிக்குச் சுர்ரென்று ஏறியது. அதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினாள்.

"எப்படிம்மா சொல்லுவேன்? மொத வாட்டிக்கப்புறம் நாய் துன்னவே இல்லன்னு தெரிஞ்சா, கூடி வந்த சம்பந்தம் நெலைக்குமோ நெலைக்காதோன்னு நீங்க ஒடிஞ்சி பூடுவீங்க. அதான், திருடியாவே இருந்துட்டுப் போறேன்னு வுட்டுட்டேன்."