ஒண்ணாப்புன்னு சொல்லு

"சுனாமி வந்தப்ப நீ என்ன படிச்ச?"

"ஏழா... ஒண்ணாப்பு."

"இந்தா! இந்த 'ஏழா'தான் நம்ம குடியக் கெடுக்கப் போகுது. யோசிக்காமச் சொல்லுடி."

"ஒண்ணாப்பு, ஒண்ணாப்பு, ஒண்ணாப்பு. போதுமாம்மா?"

பொன்னழகுக்குப் போதவில்லை. மகள் தீபாவுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. அதில் ஆறு வருஷத்தை அலுங்காமல் கத்தரித்து, ஜாதகத்தில் இருபத்தேழாக்கி வைத்திருந்தாள். திண்டுக்கல்லில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. தெரியாதவர்கள், இன்றைக்குப் பெண் பார்க்க வரும் வடமதுரைக்காரர்கள் மட்டும்தான்.

"ஒண்ணாப்பு டீச்சர் பேரைக் கேட்டா என்ன பண்ணுவ?" என்றார் கணவர் தங்கமுத்து, பேப்பரை விட்டுத் தலையெடுக்காமல்.

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க. அது போதும்."

மாப்பிள்ளை அய்யனாருக்கு முப்பத்து நாலு வயது. சொந்தமாக விதைக்கடை. தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது சித்தி புவனேஸ்வரி. அந்தச் சித்தியைப் பற்றித்தான் எதிர்வீட்டு ஜெய்தூன் பீவி துப்புக் கொண்டுவந்திருந்தாள். பஜ்ஜி போட ஒத்தாசைக்கு வந்ததாகத்தான் பேச்சு. அரைமணி நேரத்தில் அவள் சீவியது ஒரு வாழைக்காய்.

"எட்டு வீட்டுல பஜ்ஜியத் தின்னுட்டு, சொல்லி விடுறோம்னு போயிருக்காக அக்கா. அந்தம்மா நகை கேக்காதாம், சமையல் கேக்காதாம். சுனாமி வந்த அன்னைக்கு நீ எங்க இருந்தன்னு ஒரே கேள்விதானாம். எதுக்குங்கிறீக? வயசக் கேட்டாத்தான பொம்பளப்பிள்ள பொய் சொல்லும்? இப்படிக் கேட்டா அஞ்சாப்பு படிச்சேன், ஆறாப்பு படிச்சேன்னு தானா உளறிரும். எம்புட்டு வெவரம் பாருங்க!"

இப்படி ஒரு யுக்தி தனக்கு இத்தனை காலம் தோன்றாமல் போயிற்றே என்கிற ஆதங்கம் அவள் குரலில் இருந்தது.

சாயங்காலம் வந்தார்கள். பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்றார்கள். தீபா காபி கொடுத்தாள். அய்யனார் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தான். புவனேஸ்வரி தொண்டையைச் செருமினாள். பொன்னழகு குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"தாயி, சுனாமி வந்த அன்னைக்கு நீ எங்க இருந்த?"

"ஒண்ணாப்பு!"

"எங்க இருந்தன்னு கேட்டேன்."

தீபா தாயைப் பார்த்தாள். இதற்கு ஒத்திகை நடக்கவில்லை.

"அப்பச் சின்னப் பிள்ள மதினி, அதுக்கு என்ன தெரியும்?" என்று பொன்னழகு முந்திக்கொண்டாள்.

"அதுவும் சரிதான்." புவனேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "கெளம்புவமா அய்யனாரு? சொல்லி விடுறோம் மதினி."

அய்யனார் வாய் வைக்காத காபியைக் கீழே வைத்தான். அவன் முகம் வாடியதைத் தீபா பார்த்துவிட்டாள். தான் பொய் சொல்லியும் எழுந்து போகிறவர்கள், உண்மையைக் கேட்டுவிட்டே போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"ஏழாப்பு," என்றாள்.

பொன்னழகு மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அடுக்களை வாசலில் ஜெய்தூன் பீவி கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"ஏழாப்பு படிச்சேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழம. கறிக்கடை வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். கடையில டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு கடைக்கார பாய் கத்தியக் கீழ வச்சுட்டு, டிவி சத்தத்தக் கூட்டுனாரு. அப்புறம் யாரும் கறி கேக்கல, யாரும் வீட்டுக்கும் போகல. வெறும் பையோட வந்து அம்மாகிட்டத் திட்டு வாங்குனேன். மறுநாள் துணி சேக்க லாரி வந்துச்சு. என் தீபாவளிப் பாவாடைய யாருக்கும் தெரியாமப் போட்டுட்டேன். மாம்பழக் கலரு. அத எந்தப் பிள்ள உடுத்துச்சோ, எங்க இருக்கோன்னு இன்னைக்கும் நெனப்பேன்."

அந்தப் பாவாடை விஷயமாகப் பொன்னழகு இருபது வருஷமாக ஜெய்தூன் பீவி வீட்டுத் துணிக்கொடியைச் சந்தேகப்பட்டு வந்தாள். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

"பிள்ள பயத்துல உளறுது மதினி..."

"உளறல." புவனேஸ்வரி கைப்பையைத் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "போட்டோவப் பாத்தப்பவே இது இருபத்தேழு இல்லன்னு தெரியும். அந்த நம்பிக்கையிலதான் வந்தேன்."

"நம்பிக்கையா?"

அய்யனார் தம்ளரை எடுத்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். முதல் தடவையாக நிமிர்ந்து தீபாவைப் பார்த்தான்.

"எட்டு வீட்டுலயும், 'அப்ப நான் சின்னப் பிள்ள, ஒண்ணும் தெரியாது'ன்னே சொல்லிருச்சுக. தரகருகிட்ட முன்னாடியே வெவரத்தச் சொன்னா, அவரே பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துருவாரு," என்றாள் புவனேஸ்வரி. அவள் குரல் தணிந்தது. "எங்க அக்காவும் அத்தானும் அன்னைக்கு வேளாங்கண்ணிக் கடற்கரையில போனவுக மதினி. இவன் ஒருத்தனத்தான் மரத்துல இருந்து உசுரோட எறக்குனாங்க. 'அந்த நாள் ஞாபகம் இருக்கிற பொண்ணாப் பாருங்க சித்தி'ன்னு, இவன் கேட்டது அது ஒண்ணுதான்."

பொன்னழகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், கத்தரித்த ஆறு வருஷத்தோடு கூட ஒன்றையும் சேர்த்து அந்த இடத்திலேயே ஒட்டினாள்: "நல்லா யோசிச்சுப் பாத்தா, அவ அப்ப எட்டாப்பு மதினி!"