பிடிக்காத கம்பி

வேதவல்லி எழுந்து கழிப்பறைக்குப் போனாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது, கதவு சாத்திக்கொண்டது. எல்லாம் காதில் விழுந்தது.

பக்கத்து மேஜையில் வேதவல்லியின் தட்டு திறந்திருந்தது. வெள்ளைப் பீங்கான் துண்டுகள். சுண்டுவிரல் நுனி அளவு. நடுவில் ஒரு துளை. துளையில் வெள்ளிப் பசையைத் தடவி, கம்பியைச் செருகி, உலைக்கு அனுப்ப வேண்டும். உலைச் சூட்டில் பசை உருகிக் கம்பியையும் பீங்கானையும் ஒன்றாக்கிவிடும். அப்புறம் இழுத்தால் கம்பி அறுமே தவிர, கழன்று வராது.

எண்ணெய்ப் பிசுக்கு படாமல் இருந்தால்.

இன்று செய்யும் தட்டை வைத்துத்தான் முடிவு. ஆர்டர் குறைந்துவிட்டது, இந்த இடத்துக்கு ஒருத்தி போதும் என்று சூப்பர்வைசர் தணிகைவேல் காலையில் சொல்லியிருந்தார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "யார் கம்பி நிக்குதோ அவங்க இருக்கட்டும்," என்றார். ஏதோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அறிவிப்பதுபோல.

வேதவல்லியின் கம்பி நிற்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

நிமிராமல் உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் அதைத் தாண்ட விட்டதில்லை. பால் வாங்கக்கூட மாமனார்தான் போவார். வேலைக்கு அனுப்பியதே, புருஷன் கால் உடைந்து கிடந்தபோதுதான். கால் எப்போதோ சரியாகிவிட்டது. "அங்க வேணாம்னு சொல்ற அன்னிக்கு வீட்டோட இரு," என்று சொல்லிவைத்திருந்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சோறு பிசைந்துகொண்டே சொன்னான்.

ரப்பர் கையுறையைக் கழற்றினாள்.

பின்னங்கழுத்தில், கொண்டைக்குக் கீழே, விரல்களை வைத்துத் தேய்த்தாள். காலையில் வைத்த தேங்காய் எண்ணெய்.

வேதவல்லி துடைத்து அடுக்கி வைத்திருந்த கம்பிகளைக் கொத்தாக எடுத்தாள். நுனிகளை அந்த விரல்களுக்கு நடுவே உருட்டினாள். அடுக்கியிருந்தபடியே திரும்ப வைத்தாள்.

உறையை மாட்டிக்கொண்டாள்.

"பாத்ரூம்ல இன்னிக்கும் தண்ணி வரலக்கா," என்றபடி வேதவல்லி வந்து உட்கார்ந்தாள். முதல் கம்பியை எடுத்தாள்.

மறுநாள் தட்டுகள் உலையிலிருந்து வந்தன.

தணிகைவேல் பீங்கானை இழுவை மெஷினில் பூட்டினார். கம்பியைக் கொக்கியில் மாட்டினார். கைப்பிடியைச் சுற்ற, முள் ஏறியது.

முதலில் அவளுடையது. முள் ஏறிக்கொண்டே போய், கம்பி நடுவில் அறுந்தது. நுனி பீங்கானை விடவில்லை.

அடுத்து வேதவல்லியுடையது. முள் அசைந்ததுமே கம்பி உருவிக்கொண்டு வந்தது.

அடுத்ததும்.

அதற்கு அடுத்ததும்.

மற்றப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சோதனைக்கு நாலைந்து போதும். தணிகைவேல் நிறுத்தவில்லை. தட்டு காலியாகும்வரை இழுத்தார். கழன்ற ஒவ்வொரு கம்பியையும் வேதவல்லியின் உள்ளங்கையில் வைத்தார்.

வேதவல்லி நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"துடைச்சேனே," என்றாள். யாரிடமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "துடைச்சேனா?" என்றாள்.

லாக்கர் அறையில் வேதவல்லி அழுதாள். ஜெயித்தவள் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். முதுகு கொதித்தது.

"புள்ளைக்குக் காய்ச்சல். தூக்கமே இல்ல. அதான் கை சரியில்லாம போயிருக்கும்க்கா," என்றாள் வேதவல்லி. பைக்குள் துழாவித் தன் இடுக்கியை எடுத்தாள். அக்காவின் கையில் திணித்தாள். "இது நல்லா பிடிக்கும். நீ வெச்சுக்கோ. உனக்காவது வேலை நிலைச்சுதே, அது போதும்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

மதியம் தணிகைவேல் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"முந்தாநேத்து போட்டின்னு சொல்லலாமான்னு யோசிச்சப்பவே நெனச்சேன், யாராவது ஒருத்தி ஏதாவது செய்வீங்கன்னு," என்றார். "நேத்து பூரா இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மேஜை தெரிந்தது. காலியான பக்கத்து மேஜையும் தெரிந்தது. மேஜைமேல் இருந்த குண்டூசிகூடத் தெரிந்தது.

அவள் பின்னங்கழுத்தை முந்தானையால் துடைத்தாள்.

"பயப்படாத. அனுப்பணும்னா அப்பவே அனுப்பியிருப்பேன்." டீயை ஊதிக் குடித்தார். "லூர்து மேரிய நாளைக்கு உன் பக்கத்துல மாத்தறேன். பதினாறு வருஷ ஆளு, சம்பளமும் ஜாஸ்தி. சும்மா போன்னு சொன்னா சங்கத்துக்காரன் வந்து நிப்பான். தட்டு முழுக்கக் கழண்டுச்சுன்னு வெச்சுக்க, எவனும் வாய் தொறக்க மாட்டான்."

லூர்து மேரி. இவளை வேலைக்கு விடமாட்டேன் என்று புருஷன் ஒருமுறை வீட்டிலேயே நிறுத்தியபோது, விசாரித்துக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்து, அவனிடம் மல்லுக்கு நின்று மறுபடி அழைத்துவந்தவள்.

"என்ன, சரியா?"

தலையாட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் போனை எடுத்து வேறு யாருடனோ பேச ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் காலை லூர்து மேரி வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. ஒரு கையில் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை. வரும்போதே சிரித்தாள்.

"யார் பக்கத்துல போடுவாங்களோன்னு இருந்தேன்டி. நீன்னு சொன்னப்புறம்தான் நிம்மதியாச்சு."

அவள் எழுந்தாள். வேதவல்லியின் நாற்காலியை இழுத்தாள். முந்தானையால் துடைத்தாள். தலையணையை வாங்கி, முதுகு பொருந்தும் இடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் தட்டிச் சரிசெய்தாள்.

"உக்காருங்கக்கா," என்றாள்.