தண்ணீருக்கு இரண்டு வார்த்தை

பேச்சுப் பயிற்சி மருத்துவரிடம் மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்ததால், அன்று அவன் மகளைக் கூட்டிப் போக மதியமே குழந்தைகள் காப்பகத்துக்கு வந்துவிட்டான்.

மற்ற நாட்களில் ஆறு மணிக்கு வருவான். வாசல் மேசையில் கையெழுத்துப் போடுவான். பையும் குழந்தையும் கைக்கு வரும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அவளுக்கு இரண்டரை வயது. இதுவரை ஒரு சொல் வந்ததில்லை.

அவள் அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்து மாதம். அதற்கப்புறம் வீட்டில் அவனும் அவளும்தான். தொலைக்காட்சிகூட மூடியே கிடந்தது.

"காது கேக்குது, கண்ணு துறுதுறுன்னு இருக்கு, வாய் மட்டும் தெறக்க மாட்டேங்குது. நீங்க ஒத்தை ஆளா என்ன பண்ணுவீங்க மாப்ளே? டாக்டர் என்ன சொன்னாலும் சரி, ஞாயித்துக்கெழமை நான் அவளைக் கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார் முந்தின நாள் வந்திறங்கிய மாமியார்.

அவன் தலையாட்டினான். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் காரணம் எதுவும் இல்லை. மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்று மட்டும் ராத்திரி முழுக்க யோசித்தான்.

காப்பகம், அவன் வேலை பார்க்கும் மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருந்தது. அவனுக்கு இரண்டாம் மாடியில் ரத்தப் பரிசோதனைக் கூடம். ரத்தக் குழாய்கள் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. அதனாலேயே அந்த வேலை அவனுக்குத் தோதாக இருந்தது.

உள்ளறைக் கதவு இரண்டு விரற்கடை திறந்திருந்தது. அதன் பக்கத்தில் முக்காலி போட்டு, நோட்டும் பேனாவுமாகக் காப்பக மேலாளர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

உள்ளே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். நெட்டையானவள் தாய்லாந்துக்காரி. சிரித்த முகக்காரி பிலிப்பைன்ஸ்காரி.

"இவங்க ரெண்டு பேர் பாஷையையும் கத்துக்கலாம்னு ஒரு வருஷமா மல்லுக்கட்டறேன் சார்," என்றார் மேலாளர், அவன் கேட்காமலேயே. "பிலிப்பினோ மொத நாளே வாசிச்சுட்டேன். இங்கிலீஷ் எழுத்துதானே. ஆனா வினைச்சொல்லு ஒவ்வொண்ணும் பச்சோந்தி. சாப்ட்டேன்னா குமாயின், சாப்பிடறேன்னா குமாகாயின், சாப்பிடுவேன்னா காகாயின். இதுல மரியாதைக்கு வரிக்கு வரி 'போ'ன்னு வேற சேக்கணும். மொத வாரம் என்னைத்தான் வெளிய போகச் சொல்றாளோன்னு நெனச்சேன்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"தாய்லாந்து மொழியில அந்தத் தொல்லை இல்ல. நேத்து சாப்ட்டதும் 'கின்', இன்னைக்கும் 'கின்', நாளைக்கும் 'கின்'தான். ஆனா பாடணும் சார். ராகம் பிசகினா அர்த்தமே வேற. எழுத்துல வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியும் கெடையாது, நடுவுல மூச்சு வாங்க எடமில்ல. ரெண்டுலயும் சேத்து நான் இருபது வார்த்தை தேறுவேன். இங்க ஒரு பொடிசு ரெண்டையும் கரைச்சுக் குடிச்சிருச்சு. அது பேசறதக் கேட்டுத்தான் என் நோட்டையே திருத்திக்கறேன்."

பேனாவால் கதவிடுக்கைக் காட்டினார்.

மஞ்சள் சட்டை. காலையில் அவன் போட்டுவிட்ட சட்டை.

மகள் நெட்டையானவள் முன்னால் நின்றிருந்தாள்.

"ஆவ் நாம்," என்றாள். 'நாம்' என்ற இடத்தில் குரல் உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது.

குவளையில் தண்ணீர் வந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். காலிக் குவளையோடு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்த முகக்காரியிடம் நடந்தாள்.

"தூபிக் போ," என்று குவளையை நீட்டினாள். இதுவும் தண்ணீர்தான். ராகம் போன இடம் தெரியவில்லை. கூழாங்கல் இரண்டை மேசையில் வைத்தது போல் இருந்தது.

சிரித்த முகக்காரி நீளமாக ஏதோ கேட்டாள். மகள் அதைவிட நீளமாகப் பதில் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த சூட்டோடு நெட்டையானவளிடம் திரும்பி மறுபடியும் பாட்டு.

ஒன்று மற்றதில் ஒரு துளி சிந்தவில்லை.

அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். தினமும் தூக்கிச் சுமக்கிற குழந்தைக்குக் குரல் லேசாகக் கரகரக்கும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இவ பேசுவாளா?"

"வாய் மூடினாத்தான் இங்க அதிசயம். நீங்கதான் ஒருநாளும் கேட்டதில்லையே," என்றார் மேலாளர். "யாருக்கு எதுன்னு ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்ல சார். அவங்கவங்க எப்படிப் பேசறாங்களோ, அவங்ககிட்ட அப்படியே. ஆமா, வீட்ல உங்ககிட்ட எதுல பேசுவா?"

அந்த நேரம் பார்த்து மகள் அவனைக் கண்டுவிட்டாள்.

பாதிச் சொல்லில் வாய் மூடிக்கொண்டது.

முகத்தில் பயம் இல்லை, பிணக்கு இல்லை. நேராக அவனிடம் வந்தாள். கால்சட்டையை இரண்டு தரம் இழுத்தாள். கிளம்பலாம் என்று அர்த்தம். வயிற்றில் உள்ளங்கை வைத்தால் பசி. அவன் தட்டை இரண்டு தரம் தட்டினால் அவள் சாப்பிட வருவாள். விளக்கை அணைத்தால் படுத்துக்கொள்வாள். எதையும் அவன் கற்றுக்கொடுத்ததில்லை.

அவனிடம் என்ன இருந்ததோ அதை ஒரு பிழையில்லாமல் கற்றுக்கொண்டிருந்தாள்.

வாய் திறக்காத ஆள் ஒன்று அந்த வீட்டில் இருப்பதாக மாமியார் சொன்னது சரிதான். ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

மேலாளர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

அவன் தரையில் மண்டியிட்டான். அவளுடைய செருப்பை எடுத்தான். இரண்டு முறை செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"காலைக் குடு, கண்ணு."

அவள் காலைத் தரவில்லை. அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு விரலை நீட்டி அவற்றைத் தொட்டாள்.