ஆறு டம்ளர், ஆறு பொட்டு

சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் தனியாக நின்றது. செவந்திக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றே மாமியார் அதற்கு நெயில்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து ஒதுக்கிவிட்டாள்.

“கிட்ட வராதே, ஒட்டிக்கும்!” என்றன அலமாரியிலிருந்த ஐந்து டம்ளர்கள்.

“டம்ளர்ல ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. அவ தினமும் மாத்திரை போடறது என் தண்ணியிலதான். பாத்துக்கிட்டே இருங்க,” என்றது ஜன்னல் டம்ளர்.

இரண்டு வருஷம் கழித்து, ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை என்ற சீட்டை மாமியார் கையில் கொடுத்தாள் செவந்தி. பிறகு ஐந்து டம்ளர்களுக்கும் அதே சிவப்புப் பொட்டு வைத்து, ஆறையும் கலந்து அடுக்கினாள்.

“ஐயோ, எங்களுக்குமா?”

மாமியார் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சிரித்தேவிட்டாள். ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“எதுவா இருந்தா என்ன? காபி ஆறுது, ஊத்தும்மா.”

மாமியார் கையிலிருந்த அந்தப் பழைய ஜன்னல் டம்ளர் விளிம்புவரை நிறைந்தது.