அறுபது டிகிரியில் ஒரு மாலை

மாலை மாற்றும் நேரம். தாய்மாமன் பத்ரியின் தோளில் இருந்த மணப்பெண் வகுளா மாலையை நீட்டும்போதெல்லாம், மாப்பிள்ளை சாரங்கனைத் தோளில் தூக்கியிருந்த நண்பர்கள் பின்வாங்கினார்கள். இனி எறியத்தான் வேண்டும். மாலை கீழே விழுந்தால் மண்டபத்தின் நடுவில் பெண் பாட வேண்டும் என்பது பந்தயம். அவளுக்கோ நாலு பேர் முன்னால் பேசவே வராது.

"என்னடி முணுமுணுக்கறே? முட்டி போயிடும் எனக்கு, போடு!" என்றார் மாமா.

"இருங்கோ மாமா. வேகத்தைக் கிடையாவும் செங்குத்தாவும் பிரிச்சுண்டிருக்கேன்."

"காத்துத் தடையை விட்டுடாதே!" என்று எதிரிலிருந்து சாரங்கன் கத்தினான்.

அறுபது டிகிரிச் சாய்வில் எறிந்தாள். உச்சியில் செங்குத்து வேகம் தீர்ந்துபோயிற்று. கிடைவேகம் மட்டும் குறையாமல் மாலை அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "டேய், விழுந்துடுவேடா!" என்று நண்பர்கள் காலை இழுத்துப் பிடிக்க, சாரங்கன் கழுத்தை முன்னால் நீட்டினான்.