சம்பந்திக்கு ஒரு புது முகம்

"நான் கட்டிக்கப்போற ஹன்சோலோட அப்பா ரிட்டையர்டு போலீஸும்மா. நாம்தேமுன் சந்தை ஸ்டேஷன்ல இருந்தாராம். பேரு தக் மன்சிக்."

மகள் தாரே சொல்லி வாய் மூடவில்லை. ஓக்புன் கையிலிருந்த முட்டைக்கோஸ் நழுவி மிளகாய் விழுதுச் சட்டிக்குள் தொபுக்கென்று விழுந்தது. பாதி சியோல் நகரம் தும்மியிருக்கும்.

இன்று ஓக்புன் கிம்ச்சி ஊறுகாய்க் கடை முதலாளி. தெருவே மதிக்கும் விதவை. ஆனால் இளவயதில் நாம்தேமுன் சந்தையின் ஜேப்படி ராணி அவள்தான். அவளோடு கைகுலுக்கியவர்கள் தங்கள் விரல் ரேகை பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்களாம்.

ஒரே ஒரு தடவைதான் மாட்டினாள். சிவப்புக் கல்லில் கண்கள் பதித்த தங்க ஆமையும் கையுமாக. மாட்டியது இதே தக் மன்சிக்கிடம்.

அவர் அடிக்கவில்லை. ஸ்டேஷனுக்கும் இழுத்துப்போகவில்லை. சந்துக்குள் கூட்டிப்போய் ஆமையை மட்டும் பிடுங்கிக்கொண்டார்.

"இத உரியவங்ககிட்ட நானே சேத்துடறேன். ஓடிப்போ. இனிமே இந்த மூஞ்சிய என் கண்ணுல காட்டாத!"

இப்படியும் ஒரு மகானா என்று உருகிப்போன ஓக்புன், அன்றோடு தொழிலுக்கு முழுக்குப் போட்டாள். இழுபறியில் பெயர்ந்து அவளுடைய கையுறைக்குள் சிக்கிக்கொண்ட ஆமைக் கண் ஒன்றை, சபலம் தட்டாமல் இருக்கக் காப்பு மாதிரி சுருக்குப்பையில் இன்னமும் வைத்திருந்தாள்.

அந்த மகானுக்கு எதிரே, அதே மூஞ்சியோடு, சம்பந்தி என்று போய் உட்காருவதா? ஹன்சோல் இல்லாவிட்டால் யாருமே வேண்டாம் என்கிறாளே இந்தப் பெண்!

மறுநாள் காலையே அப்குஜொங் போனாள். அந்தத் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு முக அழகு டாக்டர் மேல்தான் விழ வேண்டும். எழுந்திருக்கும்போது கன்னம் ஒரு அங்குலம் உயர்ந்திருக்கும்.

அவளுக்கு வாய்த்த டாக்டரின் முகமே மத்தளத் தோல் மாதிரி விறைத்திருந்தது.

"கத்தியே கிடையாதும்மா. முள்ளு முள்ளா இருக்கிற நூல ஊசி வழியா கன்னத்துக்குள்ள விட்டு, மேல இழுத்துடுவோம். கொஞ்ச மாசத்துல நூல் தானா கரைஞ்சிடும்."

"என்னை யாருன்னே தெரியக் கூடாது, டாக்டர்."

"பெத்த பொண்ணே உங்கள அக்கான்னு கூப்பிடுவா, பாருங்க! ஆனா ஒண்ணு. கொஞ்ச நாளைக்கு வாயப் பெருசா திறக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. கடிச்சுத் திங்கக் கூடாது. மீறினா நூல் விட்டுடும்."

நூல் போட்டு, வீக்கம் வடிந்தபின் ஓக்புன் கண்ணாடியைப் பார்த்தாள். புது முகமா அது? தூசு தட்டி எடுத்த பழைய முகம்! சந்தில் அன்று மன்சிக் பார்த்த அதே மூஞ்சி!

நூல் கரையும்வரை எங்கே காத்திருப்பது? ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டாரும் சந்திக்கும் விருந்து.

உணவகத்தின் தனியறையில் தக் மன்சிக் கற்சிலை போல அமர்ந்திருந்தார். பேச்சில்லை. சிரிப்பில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கண்டுபிடித்துவிட்டார்!

ஹன்சோல் பாவம், ஜோக் ஜோக்காக எடுத்துவிட்டான். பரிமாற வந்தவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் இருவரும் எழவு வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் சிரியேன்! அவங்கள உனக்குப் பிடிக்கலையா?" தாரே கண்கலங்கிக் கிசுகிசுத்தாள்.

"சிரிச்சுட்டுதான்டி இருக்கேன்" என்றாள் ஓக்புன், பல்லிடுக்கு வழியாக.

மாட்டு விலாக்கறி மணக்க மணக்க வந்தது. மன்சிக் தட்டைத் தள்ளிவிட்டுப் பூசணிக் கஞ்சியைக் கைகாட்டினார். ஓக்புன்னும் கஞ்சியையே எடுத்துக்கொண்டாள். பிறகு அவர் மகனை அருகே இழுத்துக் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

போச்சு. கல்யாணம் போச்சு.

ஹன்சோல் தலையைச் சொறிந்தபடி எழுந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க, அத்தை. கல்யாண போட்டோவுக்காக நான்தான் அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிப்போய்க் கன்னத்துக்கு நூல் போட வச்சேன். பெத்தவங்களுக்கு இதுகூடச் செய்யலன்னா ஊரு என்னைக் காறித் துப்பாதா? வாயத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் உர்ருன்னு இருக்காரு."

ஓக்புன்னுக்குப் போன உயிர் பாதி வழியில் திரும்பி வந்தது.

"அப்பா இத மருமகளுக்குக் குடுக்கச் சொல்றாரு. நாலு தலைமுறையா எங்க வீட்டுல வர்ற பரம்பரைச் சொத்து."

வெல்வெட் பெட்டி திறந்தது. உள்ளே ஒரு தங்க ஆமை. ஒரு கண் சிவப்பு. இன்னொன்று வெறும் குழி.

ஓக்புன் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தாள்.

"ஒரு கண்ணக் காணோமே, சம்பந்தி?"

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலயே விழுந்துடுச்சு, சம்பந்தியம்மா" என்றார் மன்சிக், உதடு அசையாமல், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தபடி.

ஓக்புன் சுருக்குப்பையை அவிழ்த்தாள். சிவப்புக் கல்லை எடுத்துக் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

"இப்ப சரியாப் போச்சு. கல்யாணத் தேதியச் சொல்லுங்க, சம்பந்தி."

மன்சிக்கின் வாய் டாக்டர் பேச்சை மீறி, கஞ்சிக் கிண்ணமே நுழையும் அளவுக்குப் பிளந்தது. இடது கன்னத்தில் ஒரு நூல் 'டப்'பென்று விட்டது.

அன்றைக்குச் சந்தில் ஆமையை மட்டுமே பார்த்த அந்த மகான், இன்றுதான் முதல்முறையாக ஓக்புன்னின் முகத்தைப் பார்த்தார்.