வண்ணத்திரை காட்டிய கடல்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் வேலை கணினிபோல் இயங்கும் ஒரு குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்குக் கிடைத்தது. தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சென்சார் சொல்லும். அதைக் காட்ட ஒரு திரைதான் பாக்கி.

"எனக்கு எழுத்து மட்டுந்தான் வரும். என் கம்பி செருக உன்கிட்ட ரெண்டு துளை விட்டாப் போதும்" என்றது பச்சை எல்சிடி திரை.

"நான் கடலையே காட்டுவேன். ஆனா நிறையத் துளை வேணும்" என்று மினுக்கியது வண்ணத்திரை.

போர்டு சொக்கிப்போய்விட்டது. வண்ணத்திரையின் கம்பிகளைச் செருகச் செருக, கடைசியில் ஒரு துளை குறையவே, "நீ கொஞ்சம் தள்ளிக்கோப்பா" என்று சென்சாரைக் கழற்றிவிட்டது.

திரையில் நீல அலைகள் புரண்டன, மீன்கள் துள்ளின. போர்டு மெய்மறந்து பார்த்திருக்க, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்து, தண்ணீர் கீழே இருந்த போர்டின் தலையில் சொட்டியது.

"அடேயப்பா, ஈரங்கூட நிஜம் மாதிரியே இருக்கே" என்று பூரித்தது போர்டு.